சுரம் இறங்கிய இரவு

தகரக் கூரையில் முதல் கல் விழுந்தபோது அப்பத்தா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நிழல்மரத்திலிருந்து காய்ந்த கிளை ஏதோ முறிந்து விழுந்ததென்று நினைத்தோம். ஏலக்காட்டில் அது தினப்படி சத்தம். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்ததும் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. அப்பத்தா சுண்ணாம்பு டப்பியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெளக்க அமத்துத்தா" என்றாள்.

2011 டிசம்பர் முதல் வாரம் அது. பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், அப்பத்தா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் காயெடுப்புக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் போடிநாயக்கனூர். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் போய் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். காய் மும்முரமாக வரும் மாதங்களில் எங்களைப் போலச் சிலர் மேலேயே லயத்தில் தங்கிவிடுவோம்.

ஏலக்காய் தலைக்கு மேல் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். குத்தவைத்து, இலையை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் உலர்ந்ததும் எடை நிற்காது. பழுக்க விட்டால் வெடித்துவிடும். ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்கு மறுபடியும் வர வேண்டும். காலையில் வெறும் வாளியில் காய் விழும்போது டங், டங்கென்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் காய்மேல் காய் விழுந்து சத்தம் அடங்கிப்போகும். எட்டு மணி நேரம் விரல் செய்யும் வேலை ஒன்றேதான். நான் அலுத்துக்கொண்டால் அப்பத்தா சொல்வாள்: "ஒரே வேலையா பாத்தா ஒரே வேலைதான். ஒவ்வொரு காயா பாரு."

அந்த வருடம் அணையைப் பற்றிய பேச்சு எங்கும் இருந்தது. முல்லைப் பெரியாறு எங்கள் பக்கத்துக்கு உயிர். 1886-ல் 999 ஆண்டுக்கு எழுதிய குத்தகை, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 142 அடி தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் 136 அடிக்கு மேல் விட மாட்டோம் என்று கேரளம் சட்டம் போட்டிருந்தது. 2011-ல் இடுக்கியில் அடுத்தடுத்து நில அதிர்வு வந்ததும் அங்கே அணைக்குக் கீழே இருந்தவர்கள் தூக்கம் தொலைத்தார்கள். தண்ணீர் போய்விடுமே என்று இங்கே நம் ஆட்கள் தூக்கம் தொலைத்தார்கள். இரண்டு பயமும் உண்மையான பயம்தான். இரண்டுக்கும் நடுவில் வாளியோடு குத்தவைத்திருந்தோம் நாங்கள்.

கல் விழுந்த ராத்திரி பத்து மணிக்குக் கங்காணி வந்தார். முதலாளி போனை எடுக்கவில்லை, விடிந்தால் என்ன ஆகுமோ தெரியாது, இப்போதே கிளம்பிவிடுங்கள் என்றார். மூன்று வாரக் கூலி பாக்கி. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. லயத்தில் முப்பத்தொரு பேர் இருந்தோம். அம்மா ரேஷன் கார்டையும் குக்கரையும் எடுத்துச் சேலையில் மூட்டை கட்டினாள். குக்கரின் வெயிட்டை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டாள் என்பது போடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்து முக்கில் பெட்டிக்கடை வைத்திருந்த சேட்டன் இருட்டில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். கடையைப் பூட்டி நான்கு நாளாகியிருந்தது. "ராத்திரி சுரம் இறங்கண்டா" என்று இரண்டு முறை சொன்னார். மலையாளத்தில் மலைச்சாலைக்குச் சுரம் என்று பெயர். இறங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்ததும் உள்ளே போய் இரண்டு பேட்டரி போடும் டார்ச் லைட் ஒன்றையும் ரொட்டிப் பாக்கெட்டுகளையும் கொண்டுவந்து அப்பத்தா கையில் கொடுத்தார். ரோட்டில் கம்போடு ஆட்கள் நிற்கிறார்கள், தோண்டிமலை வரைக்கும் காட்டுக்குள்ளேயே போங்கள் என்றார்.

ஏலக்காட்டைப் பகலில் பார்த்தவர்கள் அழகென்று சொல்வார்கள். ராத்திரியில் அது ஆளை முழுங்கும். ஆள் உயர இலைகள் முகத்தில் ஈரமாக அறையும். காலில் அட்டை ஏறுவது தெரியும். நின்று பிடுங்க முடியாது. டார்ச்சின் மேல் துணியைச் சுற்றி வைத்திருந்தோம், வெளிச்சம் ஒரு சாணுக்கு மேல் போகாது. குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் தாய் வாயைப் பொத்தினாள், இன்னும் அழுதது. அப்பத்தா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவள் முனக ஆரம்பித்தாள். வார்த்தை எதுவும் கிடையாது. மூன்றே மூன்று சுரம். மேலே போய், கொஞ்சம் ஆடி, கீழே வந்து, மறுபடியும் முதலிலிருந்து. சத்தமும் மூச்சுக்கு மேல் இல்லை. குழந்தை அடங்கியது. அடங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் முப்பது பேருடைய கால்களும் அந்த மூன்று சுரத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்தன. முட்டியில் நீர் கோத்த கிழவர் ஒருவர் நடுவழியில் உட்கார்ந்துவிட்டார். "நிக்காதீக மச்சான், பாட்டு ஓடுதுல்ல" என்றாள். அவர் எழுந்து வந்தார்.

போடிமெட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை இருக்கும். பனியில் சோதனைச்சாவடி விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அங்கே எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து முந்தல் வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அப்பத்தா முனகலை நிறுத்தி எண்ணைச் சொல்வாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். கீழே போடி விளக்குகள் சிதறிக் கிடந்தன. புலியூத்துப் பக்கம் வந்தபோது கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. சேதி கேள்விப்பட்டு, அதுவாகவே மேலே கிளம்பி வந்த போடி ஜீப். கைக்குழந்தைக்காரியையும் வயதானவர்களையும் முதலில் ஏற்றினார்கள். அப்பத்தா ஏற மறுத்துவிட்டாள். எண்ணிக்கை பாதியில் நிற்கிறதாம்.

போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். தேவாரம் வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் இறங்கியவர்கள் கதையெல்லாம் வந்துசேர்ந்தது. சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது, போர்வை வந்தது. ஊரே எங்களுக்காகக் கொதித்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்றையும் மறக்க மாட்டேன். மூன்றாம் நாள் கடைவீதியில் ஊர்வலம் போனது. நானும் போனேன். கோஷம் நாலு அட்சரத்துக்குக் கச்சிதமாக விழுந்தது. முன்னால் ஒருவர் சொல்ல, பின்னால் ஆயிரம் பேர் சொல்ல. பத்துத் தடவை சொன்னதும் என் தொண்டை தானாகச் சொன்னது, கால் தானாகத் தாளம் போட்டது. கூட்டம் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. அந்தக் கடைக்காரர் மலையாளி. அப்பத்தாவுக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக ஆற்றிக் கொடுப்பவர். அவர் அங்கே இல்லை. ஷட்டரைப் பெயர்த்தார்கள். கண்ணாடி பாட்டில்கள் உடைந்தன. பால் சட்டி உருண்டு வந்து என் காலருகில் கவிழ்ந்தது. பால் பரவிப் பரவி என் செருப்பை நனைக்கும்வரை நான் கோஷம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பத்தா எங்கிருந்து வந்தாளோ, தலைமுடியைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் அன்றைக்கு விழுந்தது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு திரும்பச் சொல்லல்களைப் பார்த்துவிட்டேன். ஒன்று முப்பத்தொரு பேரை உயிரோடு இறக்கிக் கொண்டுவந்தது. இன்னொன்று என்னைக் கல் எறிகிறவர்கள் பக்கத்தில் நிறுத்தியது.

2013-ல் மதுரை அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுக்குச் சேர்ந்தேன். மார்கழி பஜனையில் பாடியதைத் தவிர வேறு பயிற்சி கிடையாது. மூன்றாம் வருடத்தில் தோடி வந்தது. தோடியைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத்தைப் பற்றிப் பேசாமல் தொடங்க மாட்டார். அந்த நாட்களில்தான் வயலின் படித்த தோழி ஒருத்தி, "இதக் கேளு, இது தோடியான்னு சொல்லு" என்று செல்போனைக் காதில் வைத்தாள்.

ஆண் குரல் ஒன்று எட்டுச் சுரம் ஏறியது. ச, ரி, க, ம, ப, த, நி, ச. சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். அனுமத்தோடியின் ஆரோகணம், கல்லில் வெட்டியது போல, ஓர் அசைவில்லாமல். மறுபடியும் அதே எட்டு. மறுபடியும். போன் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். "சிக்கல, கேளு" என்றாள். பிறகுதான் கீழே நடப்பது காதில் விழுந்தது. குரல் மாறாமல் ஏறிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே வாத்தியங்கள் தரையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தன. அதே காந்தாரம் ஒரு முறை துக்கமாகவும் அடுத்த முறை விடியலாகவும் இருந்தது. முப்பது முறை அந்த ஏற்றம். ஒரு முறைகூட அவரோகணம் பாடவில்லை. உச்சிக்குப் போனதும் பேச்சில்லாமல் மறுபடி அடியில் வந்து நிற்பார்.

அது 'சத்யாகிரகா' என்ற ஆபராவின் கடைசிப் பாட்டு. இயற்றியவர் ஃபிலிப் கிளாஸ், அமெரிக்கர். பாடுவது தென்னாப்பிரிக்காவில் இருந்த மோகன்தாஸ் காந்தி.

கிளாஸின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1937 ஜனவரி 31-ல் பால்டிமோரில் பிறந்தவர். அப்பாவுக்கு ரேடியோ ரிப்பேரும் இசைத்தட்டு விற்பனையுமாக ஒரு கடை. விற்காத தட்டுகளை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய், இது ஏன் போகவில்லை என்று ராத்திரி கேட்டுக்கொண்டிருப்பாராம். யாருக்கும் வேண்டாத இசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நியூயார்க்கின் ஜூலியார்டில் படித்து, பாரீசுக்குப் போய் நாடியா பூலான்ஷேயிடம் இரண்டு வருடம் கண்டிப்பான பாடம் கற்றார். அங்கேதான் ரவி சங்கர் வந்துசேர்ந்தார். 'சாப்பக்வா' என்ற படத்துக்கு ரவி சங்கர் வாசிப்பதை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காக எழுதித் தரும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. இவர் தங்கள் வழக்கப்படி கோடு போட்டுப் பிரித்து எழுதுவார். வாசிக்கும்போது அழுத்தம் இடம் மாறி விழும். தபலாவில் இருந்த அல்லா ரக்கா தலையை ஆட்டி, எல்லாச் சுரமும் சமம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடைசியில் கிளாஸ் பொறுமையிழந்து எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டார். அழித்ததும் இரண்டும் மூன்றுமாகச் சுரங்கள் தொடுத்து ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

நமக்கு இது பால பாடம். தக, தகிட, தகதிமி, தகதகிட என்று இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகி வளர்வது. கிளாஸ் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு வீடே கட்டினார். சின்னத் துண்டு ஒன்று, அதோடு ஒரு சுரம் கூட்டு, பலமுறை வாசி, இன்னொரு சுரம் கூட்டு. விமர்சகர்கள் அதற்கு மினிமலிசம் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒவ்வொரு காயாகப் பார் என்று சொன்ன அப்பத்தாவை வைத்துப் பார்த்தால் எனக்கும் பிடிக்கவில்லை. குறைவாக இருப்பது சுரம்தான், கேட்கிறவள் செய்ய வேண்டிய வேலை கூடிவிடுகிறது.

பாரீசிலிருந்து இந்தியாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனவர் நியூயார்க்கில் பிளம்பர் வேலை பார்த்தார், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கினார், டாக்சி ஓட்டினார். 1976-ல் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' அந்த ஊரின் மிகப் பெரிய ஆபரா அரங்கில் நிறைந்த சபையில் நடந்தது. அதற்குப் பிறகும் டாக்சிக்குத்தான் திரும்பினார். நாற்பதைத் தாண்டிய பிறகே இசையால் சோறு கிடைத்தது. கை காய்த்த ஒருவர் எழுதிய இசை அது என்பது எனக்குப் பெரிய விஷயம். என் விரல் நுனியில் ஏலக்காய்க் கறை போக இரண்டு வருடமாயிற்று.

'சத்யாகிரகா' ரோட்டர்டாம் நகரம் கேட்டு எழுதியது. 1980 செப்டம்பர் 5-ல் அங்கே அரங்கேறியது. வார்த்தை முழுக்கப் பகவத் கீதையிலிருந்து, சமஸ்கிருதத்திலேயே. கான்ஸ்டன்ஸ் டியாங் தொகுத்துக் கொடுத்தது. கம்பி வாத்தியம், மர ஊதுகருவி, ஆர்கன், அவ்வளவுதான். எக்காளமும் முரசும் கிடையாது. ஒரு போராட்டத்தைப் பற்றிய இசையில் முரசு இல்லை என்பதைக் கவனித்த அன்று கடைவீதியில் கேட்ட கோஷம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாம் அங்கம் முழுவதும் ஒரு நடைப்பயணம்: 1913-ல் நேட்டால் மாகாணத்தின் நியூகாசிலிலிருந்து கிளம்பிய பயணம். அதைப் படித்தபோதுதான் என் கை நடுங்கியது. நடந்தவர்கள் யார்? 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். பெரும்பங்கு தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே இருந்தால் ஆளுக்கு வருடம் மூன்று பவுன் வரி. அதை எதிர்த்து வேலையை விடச் சொல்லிச் சுரங்கத்து லயங்களுக்கு முதலில் போனது பதினொரு பெண்கள், அவர்களும் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது அவர்களுக்கு. வேலையை விட்டவர்கள் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். 1913 நவம்பர் 6-ம் தேதி டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டக் கிளம்பியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. அந்த நடையில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்ததைக் காந்தி தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒன்று குளிரில், இன்னொன்று ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவி.

தோண்டிமலைக்கு முன்னால் நாங்களும் ஓர் ஓடையைத் தாண்டினோம். குழந்தை அப்பத்தா தோளில் இருந்தது.

இந்த ஆபராவை நேசிக்கிறேன். அதனால்தான் இதையும் சொல்ல வேண்டும். மூன்று அங்கங்களுக்கும் கிளாஸ் மூன்று பேரை மேலே உட்கார்த்தி வைத்திருக்கிறார்: டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங். பெரியவர்கள்தான். ஆனால் நடந்த கூட்டத்துக்கு அதில் கூட்டம் என்றுதான் பெயர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறையில் வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் கண்மூடிய தில்லையாடி வள்ளியம்மைக்கு அங்கே ஒரு வரி கிடையாது. அந்தச் சுரங்கக் கூலிகள் தூக்கத்தில்கூடச் சமஸ்கிருதம் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தமிழில் முனகியிருப்பாள். அந்த முனகல் மேடையில் இருந்திருக்கலாம். ஆனாலும் கிளாஸ் அந்த இசையின் பெரும்பாரத்தைக் கூட்டுக்குரலின் மேல்தான் ஏற்றியிருக்கிறார். தனிக்குரல் ஏறும் நேரத்தைவிட எல்லோரும் சேர்ந்து ஒரே சொற்களைச் சுமக்கும் நேரம் அதிகம். இது அவருடைய நேர்மை. காவலர்கள் தோழர்களை அப்புறப்படுத்திய பிறகு, ராத்திரியில், காந்தி ஒருவராக நின்று அந்த எட்டுச் சுரத்தைப் பாடுகிறார்.

என் ஆசிரியருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுக்கக் கேட்டார். "கமகம் இல்லாத தோடி தோடி ஆகாதும்மா. இது மேளம். எலும்பு மட்டும் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எலும்ப இவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டு இருக்க எனக்குத் தைரியம் வந்ததில்ல. இன்னொரு தரம் போடு" என்றார்.

அன்று ராத்திரி விடுதியில் ஆர்மோனியத்தை எடுத்து அப்பத்தாவின் மூன்று சுரத்தைத் தேடினேன். சட்ஜம் கிடைத்தது, ரிஷபம் கிடைத்தது. காந்தாரம் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. இரண்டு கட்டைக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. தோடியின் காந்தாரம் அப்படித்தான் ஆடும், அதுதான் அந்த ராகத்தின் உயிர் என்று ஆறு மாதமாக வகுப்பில் கேட்டுவந்திருக்கிறேன். எழுத்து வாசனை இல்லாத கிழவிக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது?

தேதி ஒன்று இன்னும் என்னை விடாமல் இருக்கிறது. 2011 டிசம்பர் 1. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் அந்தப் பருவத்தின் கடைசி 'சத்யாகிரகா' முடிந்து சபை வெளியே வந்தது. வாசலில் தடுப்புக்கு அந்தப் பக்கம், வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம் என்று அந்த இலையுதிர் காலம் முழுவதும் போராடிய கூட்டம் நின்றது. கிளாஸ் அரங்கத்திலிருந்து இறங்கி அவர்களிடம் போனார். மைக் கிடையாது. ஒருவர் ஒரு துண்டு சொல்ல, சுற்றி நிற்பவர்கள் அதைச் சேர்ந்து திருப்பிச் சொல்லி பின்னால் இருப்பவர்களுக்குக் கடத்துவது அந்தப் போராட்டக்காரர்களின் வழக்கம். எழுபத்து நான்கு வயதுக்காரர், தன் ஆபராவின் கடைசிச் சொற்களை, தர்மம் தேயும்போது வந்து பிறப்பேன் என்கிற கீதையின் நான்காம் அத்தியாய வாசகத்தை, அப்படித் துண்டு துண்டாகச் சொன்னார். கூட்டம் திருப்பிச் சொன்னது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். திரும்பத் திரும்ப.

எங்கள் கூரையில் கல் விழுந்தது அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குள்.

அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களும் ஒருவர் சொல்லப் பலர் சொல்கிறார்கள். நான் போட்ட கோஷமும் அதே உருவம்தான். வித்தியாசம் எங்கே என்று வருடக்கணக்காக யோசித்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: கடைவீதியில் நாங்கள் அடுத்த ஆளின் சத்தத்தைக் கேட்கவேயில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அங்கே திருப்பிச் சொல்ல வேண்டுமானால் முதலில் வாயை மூடிக் கேட்க வேண்டும். ஏலக்காட்டில் கிழவரும் குழந்தையும் கேட்டதால்தான் நடந்தார்கள்.

அப்பத்தாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியது 2016 பொங்கலுக்கு. வெயிலில் காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மலையேற முடியாத வயதில் போடிக் கிடங்குகளிலிருந்து காய் வாங்கி வந்து தரம் பிரித்துக் கொடுக்கும் வேலை. சுளகு நிற்காமல் ஆடியது. பத்தாவது தடவையில் கேட்டாள்: "ஏத்தா, இந்த ஆளு எறங்கவே மாட்டேங்குறானே?"

"எறங்க மாட்டாரு அப்பத்தா."

"பாவம், மேல ஆரு இருக்காகளோ." பிறகு தன் பழைய கதைக்குப் போய்விட்டாள். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். அவளுக்கு ஒன்பது வயது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாக வந்து கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்குப் பாடினார். ஒரு ஆர்மோனியப் பெட்டிதான், லயத்து வாசலில் அத்தனை சனம் என்பாள். ரோசம்மா ஜெயித்தார். அந்தப் பாவலரின் தம்பி இராசையாதான் இளையராஜா. 2025 மார்ச் 8-ல் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். கூலிக்காரர்களுக்கு எதற்குப் பெரிய சங்கீதம் என்று கேட்கிறவர்களிடம் நான் இந்த மலையைத்தான் காட்டுவேன்.

அணை வழக்கில் 2014 மே 7-ல் 142 அடிக்குத் தீர்ப்பு வந்தது. அந்த நவம்பரில் தண்ணீரும் 142-ஐத் தொட்டது. ஊரில் வெடி வெடித்தார்கள். நாங்கள் அதற்கு வெகு காலம் முன்பே மேலே திரும்பிவிட்டோம். கலவரம் அடங்கி, 2012 பிப்ரவரியில், ஜீப்கள் ஓட ஆரம்பித்த இரண்டாம் வாரம்.

அன்று விடியற்காலை ஐந்தரைக்கு முந்தல் தாண்டியதும் அப்பத்தா வளைவுகளை எண்ணத் தொடங்கினாள். ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பதினேழு முடிந்து போடிமெட்டில் சோதனைக்கு நின்றபோது வெயில் வந்திருந்தது. தோட்டத்து முக்கில் சேட்டன் கடை திறந்திருந்தது. அப்பத்தா இறங்கிப் போய் முந்தானையில் முடிந்திருந்த டார்ச்சை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் புதுப் பேட்டரி போட்டிருந்தாள். போடியில் கடைகடையாக ஏறி இறங்கி நல்ல பேட்டரியாக வாங்கியது எனக்குத் தெரியும்.

சேட்டன் அதை எடுக்கவில்லை. அப்பத்தாதான் பேசினாள். "எங்க ஊருல ஒரு டீக்கடைய ஒடச்சிட்டாக சேட்டா. உங்க ஆளு கடை. எங்களுக்காகன்னு சொல்லித்தான் ஒடச்சாக."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அறிஞ்ஞு" என்றார் அவர். டார்ச்சை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். பகல் வெளிச்சத்தில் எரிகிறதா என்று தெரியவில்லை. கையைக் குவித்து அதற்குள் வைத்துப் பார்த்தார். எரிந்தது. அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, கல்லாப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து எதையோ எடுத்து அம்மாவிடம் நீட்டினார். குக்கர் வெயிட். லயத்தைப் பூட்டப் போனபோது அடுப்பு மேடையில் கிடந்ததாம்.

பிறகு பால் சட்டியை அடுப்பில் ஏற்றினார். அப்பத்தாவுக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.